அடாலிமுமாப் பயோசிமிலர் ஊசி: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நோயாளியின் மதிப்பீடு

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன்ஸ் நோய்க்காக இரு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் பயோசிமிலர் ஊசி போட்டுக்கொள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அடாலிமுமாப் என்பது அந்த அழற்சியைத் தணிக்கும் உயிரியல் மருந்து; பயோசிமிலர் என்பது மூல மருந்துக்கு மிக நெருக்கமாக வேறொரு நிறுவனம் தயாரிப்பது. மருந்தின் மீது எனக்குக் குறை ஒன்றுமில்லை. குறையெல்லாம் அது கைக்கு வந்து சேரும் வழியில்தான்.

‘நகல் மருந்து’ என்று உறவினர்கள் முகம் சுளிப்பதுண்டு. அடாலிமுமாபின் முதல் பயோசிமிலரே நம் நாட்டில்தான், 2014 டிசம்பரில், சைடஸ் நிறுவனத்தின் எக்ஸெம்ப்டியாவாக விற்பனைக்கு வந்தது. இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாபை வைத்து நார்வே அரசின் நிதியில் நடந்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மூல மருந்திலேயே தொடர்ந்தவர்களில் சுமார் 26 விழுக்காட்டினருக்கும் பயோசிமிலருக்கு மாறியவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும் ஓராண்டில் நோய் கூடியிருந்தது. இவ்வளவு வேறுபாடு வரை பயோசிமிலரை மோசமென்று சொல்ல முடியாது என ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த வரம்புக்குள் அது அடங்கிவிட்டது. என் அனுபவமும் அதற்கு மாறாக இல்லை. வயிற்று வலியும் ஓயாத கழிப்பறை ஓட்டமும் அடங்கின. முகத்தை வீங்க வைத்த ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

முதல் நாள்தான் கடினம். 160 மில்லிகிராம் என்றால் 40 மில்லிகிராம் ஊசி நான்கு. அடுத்த தவணை 80, பிறகு 40. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் போட்டால் சுள்ளென்று எரிகிறது. அரை மணி நேரம் மேசை மேல் வைத்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியோ தொடையிலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி நிதானமாகச் செலுத்தினால் எரிச்சல் பாதியாகிறது. சிட்ரேட் என்னும் துணைப்பொருள் சேர்ந்த தயாரிப்புகள் கூடுதலாக எரியும் என்பதால், சிட்ரேட் இல்லாதது கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இனி கடைக்கு வருகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருந்துக்கடையில், மே மாத மதியம், ஐஸ் பேக் முழுக்க உருகித் தண்ணீராகத் தளும்பிக்கொண்டிருந்த தெர்மாகோல் பெட்டியை என்னிடம் நீட்டி, “ஒண்ணும் ஆகாது சார்” என்றார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று மூல மருந்தின் கையேடு சலுகை தருகிறது. ஆனால் நம்மூரில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில்தான். நான் வாங்க மறுத்தேன். வீட்டிலும் கவனம் தேவை: ஃபிரீசருக்கு அடியிலோ பின்சுவரை ஒட்டியோ வைத்தால் மருந்து உறைந்துபோகக்கூடும், உறைந்ததை இளக வைத்தும் பயன்படுத்தக் கூடாது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் உபாயம்.

இன்னொரு குறை, கேட்காமலேயே பிராண்டை மாற்றிக் கொடுப்பது. “மருந்து அதேதான்” என்பது கடைக்காரரின் பதில். மாற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், பிராண்டும் பேட்ச் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். பின்னால் ஒவ்வாமையோ பலன் குறைவோ வந்தால், எந்தத் தயாரிப்பு என்று சொல்ல அந்த நம்பர்தான் ஆதாரம்.

தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த மருந்து உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். நெருக்கமான தெருக்களில் வாழும் வடசென்னைக்காரர்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல. காய்ச்சலோ நாள்பட்ட இருமலோ இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

விலையில் எம்.ஆர்.பி.க்கும் கடை கேட்கும் தொகைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. பேரம் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. இப்போது நான் வாங்குவது தண்டையார்பேட்டையிலேயே வேறொரு சிறிய கடையில். முன்தினமே சொல்லி வைத்தால் காலையில் சரக்கு வந்தவுடன் போன் செய்கிறார்கள், ஐஸ் பேக்கை என் கண் முன்னே மாற்றுகிறார்கள். மருந்துக்கு ஐந்துக்கு நான்கரையும் இந்தக் கடைக்கு நான்கும் கொடுப்பேன்; ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடுவதால் ஒன்றைக் குறைத்தேன்.