மலிவு பைண்ட், பழகிய பைண்ட்: டப்ளினில் வெதர்ஸ்பூனும் உள்ளூர் பப்பும்

டப்ளினை ஒட்டிய கடலோரப் பகுதி பிளாக்ராக். 2014 ஜூலையில் அங்கே 'த்ரீ டன் டேவர்ன்' திறந்தது. மலிவு விலைக்குப் பேர்போன பிரிட்டிஷ் பப் சங்கிலியான வெதர்ஸ்பூனுக்கு அயர்லாந்துக் குடியரசில் அதுதான் முதல் கடை. 1979-ல் லண்டனின் மஸ்வெல் ஹில்லில் டிம் மார்ட்டின் ஒரே ஒரு பப்பாக ஆரம்பித்தது, அதற்குள் பிரிட்டன் முழுக்க 900-ஐத் தாண்டியிருந்தது. விலையோ அக்கம்பக்கத்துக் கடைகளைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவு. இனி ஊர் பப்புகள் மூட வேண்டியதுதான் என்று பலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு பலிக்கவில்லை.

விலையிலிருந்தே ஆரம்பிப்போம். வெதர்ஸ்பூனில் பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கிற ஒரு கிளாஸ் பீர், மலிவு என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த மலிவு கவுன்டரில் பிறப்பதில்லை, கொள்முதலில் பிறக்கிறது. நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சேர்த்துப் பேரம் பேசுகிறவருக்கும், ஒற்றைக் கடைக்காக மாதம் சில டஜன் பீப்பாய் எடுக்கிற குடும்பத்துக்கும் மதுக்கம்பெனி ஒரே விலையா கொடுக்கும்? அதனால் நிஜச் சண்டை பக்கத்துக் கடையோடு நடக்கவில்லை, சப்ளை செய்கிறவர்களோடு நடந்தது. அயர்லாந்தின் அடையாளமான கறுப்பு பீர் கின்னஸை வைத்திருக்கும் டியாஜியோ கம்பெனியுடன் விலை படியாததால், பிளாக்ராக் கடை திறந்தபோது அங்கே கின்னஸே கிடையாது. கும்பகோணத்தில் டிபன் கடை போட்டுவிட்டு டிகிரி காபி இல்லை என்று போர்டு மாட்டுவது போன்ற காரியம் இது. அதே ஆண்டு டிசம்பரில் அருகிலுள்ள டூன் லேரியில் அடுத்த கடையான 'ஃபார்ட்டி ஃபுட்' திறக்கிற நேரத்தில் பீர் கம்பெனியான ஹைனகனோடும் முட்டிக்கொண்டது. புதுக் கடைக்குச் சரக்கு வேண்டுமென்றால் வெதர்ஸ்பூனின் தலைமை நிர்வாகி சொந்தப் பொறுப்பில் ஜாமீன் தர வேண்டும் என்று கேட்டார்கள் என்பது வெதர்ஸ்பூன் தரப்புச் சொன்ன காரணம். பதிலுக்கு இரு நாடுகளிலும் உள்ள எல்லாக் கடைகளிலிருந்தும் ஹைனகன் சரக்கை இறக்கிவிட்டார்கள். ஊர் பப்காரர் ஒருவர் இப்படி முறைத்துக்கொண்டால் மறுநாள் கடையில் ஊற்ற எதுவும் இருக்காது.

அப்படியானால் ஊர் பப்புகள் ஏன் சரியவில்லை? பிரிட்டனில் வெதர்ஸ்பூன் செழித்ததற்குப் பெரிய காரணம் அங்கிருந்த 'டைடு ஹவுஸ்' முறை. பப்பை நடத்துகிறவர் குத்தகைக்காரர். கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனி சொல்கிற பீரை, அது சொல்கிற விலைக்கு வாங்கியாக வேண்டும். கையைக் கட்டிப்போட்டவரோடு ஓடுகிற பந்தயம் அது. அயர்லாந்தில் பெரும்பாலான பப்புகள் குடும்பச் சொத்து. அப்பா, தாத்தா பெயரே வாசலில் இருக்கும். வாடகை நெருக்கடி இல்லாதவர் விலையைக் குறைக்காமலே தாக்குப்பிடிக்கிறார்.

சட்டமும் ஒரு பக்கம் கைகொடுத்தது. அங்கே புதிதாகக் கடை திறக்க, ஏற்கெனவே இருக்கிற ஒரு லைசென்ஸை விலைக்கு வாங்கி ரத்து செய்தாக வேண்டும். நினைத்த மூலையில் எல்லாம் திறக்க முடியாது. 2003 சட்டப்படி 'ஹாப்பி அவர்' கிடையாது. ஒரு நாளில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் விலை குறைப்பது குற்றம். 2022 ஜனவரியில் வந்த குறைந்தபட்ச விலை மட்டும் இந்தப் போட்டியில் எதையும் மாற்றவில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட் என்றால், சாதாரண பைண்டுக்கு இரண்டு யூரோகூட வராது; பப் விலை அதற்கு மேலேதான். அது சூப்பர் மார்க்கெட்டுக்குப் போட்ட கடிவாளம். அரசே ஏகபோகமாகச் சில்லறையில் விற்கிற டாஸ்மாக் ஊர்க்காரர்களுக்கு இந்தப் போட்டியெல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உள்ளே போய் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் புரியும். வெதர்ஸ்பூனில் பின்னணி இசை கிடையாது. மேஜையில் ஓர் எண் ஒட்டியிருக்கும். போனில் ஆப்பைத் திறந்து எண்ணைத் தட்டினால் பீரும் பர்கரும் தேடி வரும். யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். கூச்சக்காரர்களுக்கும், குழந்தையோடு வருகிறவர்களுக்கும், தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்கும் இது பெரிய வசதி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் பப்பில் கின்னஸ் கேட்டால் பார்மேன் கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி நிரப்பி அப்படியே வைத்துவிடுவார். நுரை அடங்கிக் கறுப்பு தெளிகிற வரை காத்திருந்துதான் மீதியை ஊற்றுவார். கம்பெனி விளம்பரக் கணக்கில் 119.5 விநாடி. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் மழை, மேட்ச், மாமியார் எல்லாம் பேசி முடிகிறது. கூட வந்தவர்களுக்கு முறைவைத்து 'ரவுண்டு' வாங்குகிற வழக்கம் வேறு. ஆளுக்கொரு ஆப்பில் ஆர்டர் போட்டால் அந்த முறையே குழம்பிவிடும்.

ஊர் பப் நஷ்டப்படவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2005-க்குப் பிறகு அந்த நாட்டில் சுமார் 2,000 பப் மூடியிருக்கிறது. ஆனால் பழியை வெதர்ஸ்பூன் தலையில் போட முடியாது. 2006-ல் அடக்கவிலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற தடை நீங்கியதும் சூப்பர் மார்க்கெட் பீர் மலிவானது. 2011-ல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான ரத்த ஆல்கஹால் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆக இறங்கியது. பஸ் இல்லாத கிராமத்து பப்புக்கு அடி அங்கேதான் விழுந்தது. வெதர்ஸ்பூன் அந்தக் கிராமங்கள் பக்கமே போகவில்லை.

நகரத்தின் நடுவே இருக்கிற, பெயரும் இல்லாத முகமும் இல்லாத பார்கள்தான் உண்மையில் வெதர்ஸ்பூனுக்குப் பயப்பட வேண்டும். சுமார் விலை, சுமார் சாப்பாடு, டிவி சத்தம் என்று ஓட்டுகிறவர்கள். அதே சுமாரான மாலையை வெதர்ஸ்பூன் குறைந்த காசுக்குத் தருகிறது.

டப்ளின் போகிறவர்கள் இரண்டில் ஒன்றுதான் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. கேம்டன் தெருவில் 2021-ல் திறந்த 'கீவன்ஸ் போர்ட்', 89 அறைகளோடு வெதர்ஸ்பூனின் ஹோட்டல். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க 3.3 கோடி யூரோ கொட்டியிருக்கிறார்கள். சாப்பிடாவிட்டாலும் உள்ளே ஒரு சுற்று வரலாம். வயிற்றை அங்கே நிரப்பிக்கொண்டு, அதே தெருவில் இருக்கிற 'டெவிட்ஸ்' பப்புக்கு நடந்துவிடுங்கள். பாட்டுக் கச்சேரி அங்கேதான்.