ஏற்காடு இறக்கத்துக்கு எந்த பிரேக்: சிபிஎஸ், சிங்கிள் சேனல், டூயல் சேனல்

சேலத்தில் பைக் எடுக்கப் போகிறவர்கள் மைலேஜையும் விலையையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள், பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) கட்டாயம். 125 சிசி வரை சிபிஎஸ் (முன், பின் பிரேக்குகளை இணைக்கும் அமைப்பு) இருந்தாலே போதும் என்றது அந்த விதி. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு அது நிஜமான உதவி. ஆனால் பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் சக்கரம் லாக் ஆவதை, அதாவது சுற்றாமல் இறுகி நின்று வழுக்குவதை, அது தடுக்காது.

தடுப்பது ஏபிஎஸ். சக்கரம் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தம் தளரும், உடனே மறுபடி ஏறும். இப்படி நொடிக்குப் பல முறை. லிவர் விரலில் துடிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துக் கையை எடுத்துவிடக் கூடாது, விடாமல் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால்தான் வண்டி திருப்பிய பக்கம் திரும்பும். முன்சக்கரம் லாக் ஆகிவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கீழே கிடப்போம். மழை பெய்த மலை ரோட்டில், வளைவில் பஸ் அகலமாகத் திரும்பி வரும்போது இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

ஏபிஎஸ்ஸில் இரண்டு வகை: சிங்கிள் சேனல் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், டூயல் சேனல் இரண்டையும். சமதளத்தில் சிங்கிளே பெரும்பாலும் போதும். இறக்கத்தில் பாரம் முன்னால் போய்ப் பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அது சுலபமாக லாக் ஆகிப் பின்பக்கம் வழுக்கும். அடிக்கடி மலை ஏறுகிறவர் கூடுதல் பணம் கொடுத்தாவது டூயல் எடுப்பதே சரி என்பேன்.

எந்த ஏபிஎஸ்ஸும் ஜல்லி சிதறிய இடத்தில் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தித் தராது. நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். வளைவில் வண்டியைச் சாய்த்தபடி பிரேக்கை அழுத்தினால் சாதாரண ஏபிஎஸ்ஸை நம்ப முடியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இன்னொன்று சூடு. இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும், அதற்கு ஏபிஎஸ் மருந்தல்ல. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். கியரில்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு. ஆகவே மாதாமாதம் ஏற்காடு போகிற வீட்டுக்கு சிபிஎஸ் ஸ்கூட்டரைவிட ஏபிஎஸ் உள்ள கியர் வண்டியையே சொல்வேன். ஸ்கூட்டர்தான் இருக்கிறதென்றால் மெதுவாக வந்து, நடுவில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, பிரேக் ஆறிய பிறகு இறங்குங்கள்.