அலுவலகப் பயிற்சிக்கு இலவசத் திரைப்பதிவுக் கருவிகள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் அணியில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொருவர் அருகிலும் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, திரையைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் பிரவுசரிலேயே இயங்கும் இலவசத் தளங்களைத்தான் பயன்படுத்துகிறேன். முதல் வாரத்தில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே இருக்கும். அந்த வீடியோக்களை மாதக்கணக்கில் பலரும் பார்க்கத் தொடங்கும்போதுதான் எது தாங்கும், எது தாங்காது என்பது தெரிகிறது.

எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதே இவற்றின் பெரிய பலம். அலுவலகக் கணினியில் ஒரு மென்பொருளை ஏற்ற அனுமதி வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பதிவு செய்யும் வேலையை உண்மையில் செய்வது பிரவுசர்தான்; அதனால் இந்தத் தளங்களின் படத் தரத்தில் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. பதிவு முடிந்த பிறகு கோப்பு எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதில்தான் வேறுபாடு. கைப்பேசி பிரவுசர்களில் திரையைப் பதிவு செய்ய முடியாது. அங்கே கைப்பேசியில் உள்ள வசதியையே நாட வேண்டும்.

ஒலியில் கவனம் தேவை. மைக்கில் நாம் பேசுவது வேறு, கணினியிலிருந்து வரும் ஒலி வேறு. குரோமில் ஒரு டேபைத் (பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு பக்கத்தை) தேர்ந்தெடுக்கும்போது அதன் ஒலியையும் பகிரும் வசதி உண்டு. நான் முயன்ற ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் படம் மட்டுமே கிடைத்தது. வாடிக்கையாளர் அழைப்பைக் கேட்கச் செய்து விளக்கும் பயிற்சி என்றால், நான் நாடுவது குரோமையும் டேப் பதிவையும்தான்.

பயிற்சி பெறுபவர்களை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. பல தளங்கள் தரும் வெப்எம் (WebM) என்ற வகை வீடியோக் கோப்பில் மொத்த நீளம் குறிக்கப்பட்டிருக்காது. பதிவு ஓட ஓடக் கோப்பு எழுதப்படுவதால், அதன் தொடக்கத்தில் நீளத்தைக் குறிக்க வழியில்லை. முடிந்த பிறகு திரும்பிச் சென்று யாரும் குறிப்பதும் இல்லை. விளைவு, நேரப்பட்டையை இழுத்து நடுவில் உள்ள ஒரு படிக்குப் போக முடியாது. ஒரு பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடி வருபவர் முழு வீடியோவையும் மறுபடி பார்க்க வேண்டும். பயிற்சி வீடியோவுக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பை, வீடியோவை மறுபடி உருமாற்றாமல், அப்படியே நகலெடுத்தால் நீளம் சரியாகிவிடும். தரம் குறையாது, சில நொடிகளே ஆகும். புதிய தளம் எதை முயன்றாலும் முதலில் நேரப்பட்டையைத்தான் இழுத்துப் பார்க்கிறேன்.

நேர வரம்பைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். லூம் (Loom) என்ற திரைப்பதிவுத் தளத்தின் இலவசத் திட்டத்தில் ஒரு வீடியோ 5 நிமிடம், மொத்தம் 25 வீடியோ என்பது வரம்பு. அந்த 5 நிமிடத்தை நான் வரவேற்கிறேன். ஒரு வேலைக்கு ஒரு வீடியோ என்று பிரித்தால், மென்பொருளில் ஒரு திரை மாறும்போது அந்த ஒன்றை மட்டும் மறுபடி பதிவு செய்தால் போதும். ஒரு மணி நேர வீடியோவில் ஒரே ஒரு படி பழையதாகிவிட்டாலும் புதியவர்கள் முழு வீடியோவையும் நம்பத் தயங்குகிறார்கள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை வரம்புதான் உண்மையான நெருக்கடி. நாங்கள் பயன்படுத்திய ஒரு சேவை தன் இலவசத் திட்டத்தை மாற்றியபோது பழைய இணைப்புகள் திறக்கவில்லை. பதிவு செய்த அன்றே எல்லாவற்றையும் இறக்கி அலுவலகச் சேமிப்பகத்தில் வைத்திருந்ததால் பயிற்சி நிற்கவில்லை. தளத்தில் பதிவு செய்யலாம். வீடியோவை அங்கேயே குடியிருக்க விடக் கூடாது.

தகவல் பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பயிற்சிக்கென்று போலித் தரவுகளுடன் ஒரு சோதனைக் கணக்கு வேண்டும். வாடிக்கையாளரின் உண்மைப் பெயரும் எண்ணும் திரையில் வரக் கூடாது. முழுத் திரையைவிட ஒரு டேபை மட்டும் பதிவு செய்வது நல்லது, மற்ற செயலிகளின் அறிவிப்புகள் உள்ளே வராது. “உங்கள் கணினியை விட்டு எதுவும் வெளியேறாது” என்று ஒரு தளம் சொன்னால் ஒரு சோதனை செய்கிறேன்: பக்கத்தைத் திறந்துவிட்டு இணைய இணைப்பைத் துண்டித்து, பதிவு செய்து சேமித்துப் பார்க்கிறேன். சேமிக்க முடியவில்லை என்றால் அந்தத் தளம் எங்களுக்கு வேண்டாம்.

வசன வரிகளும் தேவை. ஹெட்போன் இல்லாமல் இருக்கையிலிருந்து பார்ப்பவர்கள் உண்டு, கேட்கும் திறன் குறைந்தவர்களும் உண்டு. தானியங்கி வசனங்கள் மென்பொருள் பெயர்களில் தடுமாறுவதால் கையால் திருத்துகிறேன். வீடியோவுக்குக் கீழே படிகளை எழுத்தில் கொடுப்பது இன்னும் பயன் தருகிறது. இரண்டாம் முறை வருபவர்கள் பெரும்பாலும் அதை மட்டும்தான் படிக்கிறார்கள்.

நீண்ட நேரடிப் பயிற்சி வகுப்பைப் பிரவுசரில் பதிவு செய்ய மாட்டேன். டேப் முடங்கினால் அதுவரை பதிவானது முழுவதும் போகக்கூடும். அதற்கு இலவசமான, திறந்த மூல மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ இருக்கிறது. அதில் எம்கேவி (MKV) என்ற கோப்பு வடிவில் பதிவு செய்தால், நடுவில் கணினி நின்றாலும் அதுவரை பதிவானது தங்கும். பிறகு அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலும், மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5 விசைகளும் திரையைப் பதிவு செய்யும். இவை கணினியிலேயே இருப்பதால், வெளித்தளங்களைத் தடுத்துவைத்திருக்கும் அலுவலகங்களில் இருப்பவர்கள் இவற்றிலிருந்தே தொடங்கலாம்.