வெள்ளைக் கொக்கு நான்கு: அலகின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாரூர் ஏரிப் பாசன வயல்களில் சேற்றுழவு நடக்கும்போது டிராக்டரை ஒட்டி இறங்கும் வெள்ளைப் பறவை எல்லாமே நமக்குக் 'கொக்கு'தான். அந்தக் கூட்டத்திலேயே இரண்டு மூன்று வகை கலந்திருக்கும். மஞ்சள் அலகா கறுப்பு அலகா என்று பார்த்துப் பெயர் சொல்வதில்தான் பிழை தொடங்குகிறது. பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மற்ற நாளில் மஞ்சளாக இருக்கும் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். உண்ணிக்கொக்கு சுமார் 50 செ.மீ. உயரம்தான். கழுத்து குட்டை, அலகும் குட்டை. தாடையின் இறகு அலகின் அடிப்பக்கம் வரை நீண்டிருப்பதால் கன்னம் உப்பியதுபோலத் தெரியும். தண்ணீரைவிட மாட்டுக்குப் பக்கத்திலும் உழுத நிலத்திலும்தான் அதிகம் பார்க்கலாம். மாட்டின் கால் பட்டு எழும்பும் வெட்டுக்கிளிதான் அதற்கு இரை. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு மூன்றிலும் ஆரஞ்சு படரும். அப்போது சந்தேகத்துக்கே இடமில்லை.

சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல்கள். நான்கில் விரல் மட்டும் மஞ்சளாக இருப்பது இதற்குத்தான். ஆனால் சேற்றில் நிற்கும்போது அந்த மஞ்சள் மறைந்துவிடும். அது பறக்கும்வரை காத்திருங்கள். வாலுக்குப் பின்னால் நீளும் பாதம் பளிச்சென்று தெரியும். இதன் நடத்தையும் தனி. ஆழமில்லாத நீரில் ஒரு காலை நடுக்கி அடிச்சேற்றைக் கலக்கும், வெளிவரும் மீனைத் துரத்தி ஓடிக் கொத்தும். இப்படித் துள்ளி ஓடுகிற கொக்கைப் பார்த்தால் முதலில் இந்தப் பெயரையே நினையுங்கள்.

உண்மையான தலைவலி பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். கே.ஆர்.பி. அணையின் (கிருஷ்ணகிரி அணை) நீர்விளிம்பில் இரண்டும் பக்கத்தில் நின்றால் உயரமே சொல்லிவிடும்: பெரியது 90 செ.மீ.க்கு மேல், நடுத்தரம் 70 செ.மீ. அளவு. ஒன்று மட்டும் தனியாக நின்றால் உயரம் ஏமாற்றும். அப்போது வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் ஓடும் அந்த மெல்லிய கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். 8×42 பைனாகுலரில் பறவை பக்கவாட்டில் திரும்பும்போது இது தெளிவாகத் தெரியும். தலை நம்மை நோக்கி இருந்தால் முடிவு சொல்ல வேண்டாம், திரும்பட்டும்.

அடுத்து கழுத்து. பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம். நடுவில் முறித்து ஒட்டியதுபோல ஒரு கோணல் இருக்கும். நடுத்தரத்துக்குக் கழுத்தும் உடலும் ஏறக்குறைய சமம், தலை உருண்டை, அலகு கொஞ்சம் குட்டை. புல்வெளியில் நிற்கும் நடுத்தரத்தை உண்ணிக்கொக்கு என்று எழுதிவிடுவதும் உண்டு. உப்பிய கன்னம் இல்லை, கழுத்து நீளம் என்றால் அது நடுத்தரம்தான்.

அலகு கறுத்திருக்கும் இனப்பெருக்கக் காலத்தில், அப்போது வளரும் நீண்ட மெல்லிய இறகான அலங்காரத் தூவியே கைகொடுக்கும். பெரிய கொக்குக்கு முதுகில் மட்டும். நடுத்தரத்துக்கு முதுகிலும் மார்பிலும். சின்னக் கொக்குக்கு அவற்றோடு பிடரியில் இரண்டு நீளத் தூவிகளும். காற்றடித்தால் அந்தப் பிடரித் தூவி ரிப்பன்போல ஆடும், அழகான காட்சி.

மடையானை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உட்கார்ந்தால் பழுப்பு, பறக்கும்போது வெள்ளைச் சிறகு விரியும், ஆனால் முதுகு கருமையாகவே இருக்கும்.

படமெடுத்து வீட்டில் பார்ப்பவர்கள் கவனிக்க: நடுப்பகல் வெயிலில் வெள்ளை இறகு வெளிறிப்போய் வாய்க்கோடும் தூவியும் படத்தில் அழிந்துவிடும். போனில் பறவையின் மேலேயே தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். காலை 8 மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நின்று எடுங்கள். தலை பக்கவாட்டில் இருக்கும்போது ஒரு படம், எழும்பிப் பறக்கும்போது பாதம் தெரிய ஒரு படம்.