முட்டை ஒவ்வாத மகளுக்கு ஃப்ளூ ஊசி: தில்லைநகர் கிளினிக் அனுபவம்

அவித்த முட்டை ஒரு வாய் பட்டாலே என் மகளுக்கு உதடு வீங்கிவிடும். முன்பு போன இடத்தில் இதைச் சொன்னதும் ஃப்ளூ தடுப்பூசியே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருச்சி தில்லைநகரில் உள்ள இந்தச் சிறிய கிளினிக்கில், முந்தைய ஊசி எதற்காவது மூச்சுத்திணறல் வந்ததா என்றுதான் மருத்துவரம்மா முதலில் கேட்டார். ஃப்ளூ தடுப்பு மருந்து பெரும்பாலும் கோழி முட்டையில்தான் தயாராகிறது. ஆனால் எஞ்சும் முட்டைப் புரதம் மிகமிகக் குறைவு. முட்டை ஒவ்வாமைக்கென்று தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023-லேயே சொல்லிவிட்டதாம். தட்டம்மை ஊசிக்கும் பயமில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் வேறு கதை: ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அது தேவைப்பட்டால் முதலில் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்து மேசைமேலேயே தயாராக இருந்தது (இதை நீங்களும் கேட்டுப் பாருங்கள்). கையில் லேசான வலி, அவ்வளவுதான். மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

டோக்கன் முறைதான் படுமோசம். பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள், கேட்டால் முறைக்கிறார்கள். மாலையில் போகாதீர்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.