பாரதி கட்டுரைக்கு ஆதாரம் தேடி: சில கோடைகளாகப் பயன்படுத்தியவை

எம்.ஏ. சேர்ந்ததிலிருந்து முனைவர் பட்டப் பதிவு வரை, எனக்குக் கோடை விடுமுறை என்றாலே ஒரு இலக்கியக் கட்டுரைதான். வீடு கடலூரில். தலைப்பு பெரும்பாலும் பாரதியின் புதுச்சேரிக் காலம், அதாவது 1908 முதல் 1918 வரை. இங்கே சொல்வதெல்லாம் அந்த ஒரே தலைப்பை வைத்துப் பழகிப் பார்த்தது.

பாரதி விஷயத்தில் தட்டுப்பாடே கிடையாது, தொல்லையும் அதுதான். 1949-ல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் உரிமையை வாங்கியது. பிறகு அவை பொதுவுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டும் தள்ளியிருக்கிறார்கள். ஒரு வரி மேற்கோள் காட்டினால் போதும், எந்தப் பதிப்பு என்பார் ஆய்வு வழிகாட்டி. பாஞ்சாலி சபதத்தையே எடுங்கள். முதல் பாகம் 1912-ல் அவர் இருக்கும்போதே அச்சானது, இரண்டாம் பாகம் 1921-ல் அவர் மறைந்த பிறகுதான் வெளிவந்தது. இரண்டையும் சேர்த்து அச்சிட்ட மலிவுப் பதிப்பு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-லிருந்து நடக்கிறது. ஒரு சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று தேட அதை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. ஆனால் தட்டச்சு செய்த பாடம் என்பதால் அச்சுப் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. அங்கே வரியைக் கண்டுபிடித்து, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய பதிப்பின் படிமத்தைத் திறந்து, பக்க எண்ணை எடுப்பேன். இரட்டை வேலைதான், இருந்தாலும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நிம்மதி.

அதிகம் புழங்கியது ஷோத்கங்கா. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம், இலவசம். தமிழ் எழுத்தில் தேடினால் சில ஆய்வேடுகள் வரும், ரோமன் எழுத்தில் அதே தலைப்பைப் போட்டால் வேறு சில வரும். இரண்டையும் போடுங்கள். இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பு. நான் முதலில் திறப்பது கடைசிக் கோப்பை, துணைநூற்பட்டியலை. முனைவர் பட்டம் வாங்கிவிட்டார் என்பதற்காக ஒருவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. அவர் எதைப் படித்தார் என்ற பட்டியல்தான் எனக்கு வேண்டும். நாலைந்து ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் நூலைக் குறித்துக்கொண்டு அப்புறம் நூலகத்துக்குக் கிளம்பலாம்.

நூலகம் என்றால் பாண்டிக்கு பஸ் ஏறவேண்டும். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. கடற்கரையை ஒட்டி, 1955-லிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. தமிழ் ஆய்வுக்கு நான் விரும்புவது இரண்டாவதை. மே மாத வெயிலில் அந்த அமைதிக்காகவே போகலாம் என்பது வேறு விஷயம்.

இதழ்களில் கவனம் தேவை. பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆய்விதழ்களை நான் மேற்கோள் காட்டுவதில்லை. தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) கேர் பட்டியலும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டதால், ஆசிரியர் குழுவில் யார், கட்டுரையின் அடிக்குறிப்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று நாமேதான் பார்க்கவேண்டும். ஏஐ செயலிகளிடம் ஆதாரம் கேட்பதையும் விட்டுவிட்டேன். பதிப்பாண்டு, பதிப்பகம் எல்லாம் போட்டு, இல்லாத நூலுக்கு அழகாகப் பிறப்புச் சான்றிதழ் எழுதித் தருகிறது.

இத்தனைக்குப் பிறகும் இணையத்தில் தீராத ஒன்று உண்டு. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதி எங்கள் கடலூர்ப் பக்கம்தான் கைதாகி, இங்கே சிறையிலிருந்து டிசம்பரில் விடுதலையானார். எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பதற்கு வலைப்பக்கத்துக்கு ஒரு கணக்கு, ஒன்றிலும் மூலம் கிடையாது. கட்டுரையில் நாள்கணக்கே போடாமல் 'நவம்பர், டிசம்பர்' என்று மட்டும் எழுதி, நூலகத்தில் பார்த்த வாழ்க்கை வரலாற்று நூலின் பக்க எண்ணைக் கொடுத்தேன். வழிகாட்டி மற்ற பக்கங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டார், அதில் மட்டும் கை வைக்கவில்லை.