எல்டர்பெர்ரி விதை வாங்கும் முன்: முளைக்கத் தாமதமாகும் விதையை வைத்து நடக்கும் ஏமாற்று

எல்டர்பெர்ரி (சுருக்கமாக எல்டர்) என்ற, கருஊதாச் சிறுபழம் தரும் புதர்ச்செடியை விதையிலிருந்து வளர்க்க எண்ணுவோர், விதைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. இணையவழி விதை விற்பவர் ஒருவரிடம் ‘யார்க் ரகம், புதிய விதை, இரண்டே வாரத்தில் முளைக்கும்’ என்ற உறுதியை நம்பி நான் வாங்கிய உறையில், பாதி விதைகள் எல்டர்பெர்ரியே அல்ல. எஞ்சிய பாதியில் பெரும்பகுதி உயிரற்றது. விற்பவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வாசகங்களுடன் பலர் விற்கிறார்கள் என்பதால், ஒருவரைத் தவிர்ப்பதால் மட்டும் பயனில்லை. ஏமாற்று நடக்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் தேவை.

அந்த முறை, இச்செடியின் இயல்பிலேயே மறைந்துகொள்கிறது. எல்டர்பெர்ரி விதைக்கு இரட்டை உறக்கநிலை உண்டு: மேலோடு கடினமானது, உள்ளிருக்கும் கருவும் உடனே விழித்துக்கொள்ளாதது. ஈர மணலில் கலந்து முதலில் 2 முதல் 3 மாதம் வெதுவெதுப்பிலும், அதன்பின் 3 முதல் 5 மாதம் சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் வைத்திருந்து விதைத்தால்தான் ஓரளவு சீராக முளைக்கும். நேரடியாக மண்ணில் தூவினால் இரண்டாம் ஆண்டில் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே ‘இரண்டு வாரம்’ என்று சொல்பவர் இந்த விதையை முளைக்க வைத்துப் பார்த்தவராக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் முளைக்கவில்லை என்று முறையிடும்போது அவரே தயக்கமின்றிக் கட்சி மாறி, “எல்டர் விதைக்குப் பொறுமை வேண்டும், குளிர் காட்டினீர்களா?” என்று கேட்கிறார். உறையுடன் வந்த குறிப்பில் குளிர் என்ற சொல்லே கிடையாது. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வெயிலில் வைக்கவும் என்றுதான் இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, விதையின் உண்மை தெரிய மாதக்கணக்கில் ஆகிறது. இந்த இடைவெளிதான் அவர்களுடைய முதலீடு.

என் உறையில் பாதி விதைகள் வட்டமாகவும் தட்டையாகவும் கறுத்துப் பளபளப்பாகவும் இருந்தன. எல்டர் விதை அப்படி இருக்காது. அது பழுப்பு நிறத்தில், 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளத்தில், சற்றே நீண்டு, குறுக்குவாட்டில் சுருக்கங்களோடு இருக்கும். ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் 3 முதல் 5 வரை கிடைக்கும். இந்த வேறுபாட்டைப் படம் எடுத்து அனுப்பியபோது, “காய்ந்த அளவைப் பொறுத்து நிறம் மாறும்” என்று பதில் வந்தது. அந்தக் கறுப்பு விதைகள்தாம் சில வாரங்களில் முளைத்தன. எல்டருக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை என்பதால், அகன்ற தனியிலைகளைக் கண்டு மீண்டும் கேட்டதற்கு, எல்டர் நாற்றின் முதல் இலைகள் தனியிலைகளாகத்தான் இருக்கும் என்றார். இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. எல்டரின் முதல் இலைகள் கூட்டிலைகளாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவை கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே தோன்றும், விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்கும். என்னிடம் வளர்ந்தவையோ, வித்திலைகளுக்குப் பின் மாறி மாறி ஒவ்வோர் இலையாக விட்டன. விளிம்பு வழவழப்பாக இருந்தது, தண்டு சிவந்தது. அவை போக்வீட் என்ற களைச்செடியின் நாற்றுகள்.

போக்வீட் வெறும் களை என்று விட்டுவிட முடியாது. அதன் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக வேர், நச்சுடையவை. பழமோ தொங்கும் கொத்தில் கருஊதா நிறத்தில் கனிந்து, எல்டர்பெர்ரியைப் பார்த்தறியாதவரை எளிதில் ஏமாற்றும். எல்டரின் பழங்கள் குடைபோல் விரிந்த தட்டையான கொத்தில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. எல்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட செடி என்பதால் நம்பிக்கையோடு பறித்துப் பாகு காய்ச்சும் ஒருவரை நினைத்தால், இழந்த பணம் சிறிதாகிவிடுகிறது.

உண்மையான எல்டரைப் பற்றியும் அந்த விற்பவரின் இணையப் பக்கத்தில் ‘பறித்தவுடன் உண்ணலாம்’ என்றே எழுதியிருந்தார்கள். ஆனால் எல்டரின் இலை, தண்டு, காய், விதை ஆகியவற்றில் சயனைடை வெளியிடக்கூடிய பொருள் இருக்கிறது. நன்கு பழுத்ததைச் சமைத்து உண்பதே வழக்கம். 1983இல் கலிஃபோர்னியாவில் இலை, கிளைகளோடு சேர்த்துப் பிழிந்த சாற்றைக் குடித்தவர்கள் நோயுற்று, அவர்களில் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது.

பழுப்பு விதைகளின் கதை வேறு. அவற்றில் சிலவற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உயிருள்ள விதையின் உள்ளே வெண்மையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இவற்றில் பல வெறும் ஓடு, சிலவற்றில் பழுப்பேறிய சுருங்கல். விதைக்கு உயிர் உண்டா என்று, அது வந்த அன்றே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இதைச் செய்து, வெட்டிய விதைகளைப் படமெடுத்து அனுப்பினால், பொறுமை பற்றிய உபதேசத்துக்கு இடமிருக்காது.

இனி, ரகத்தின் பெயர். ‘யார்க்’ என்பது நியூயார்க் மாநில வேளாண் ஆய்வு நிலையம் 1964இல் வெளியிட்ட அமெரிக்க எல்டர் ரகம். அந்தத் தாய்ச்செடியிலிருந்தே பழம் பறித்து விதை எடுத்திருந்தாலும், முளைப்பது யார்க் ஆகாது. மகரந்தம் எங்கிருந்து வந்ததோ அதன் குணமும் கலந்திருக்கும். பழத்தின் அளவு, விளைச்சல், கனியும் காலம் எல்லாம் நாற்றுக்கு நாற்று மாறும். ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டித்தான் நட வேண்டும், எல்டர் போத்திலிருந்து எளிதில் வேர்விடும் செடியும்கூட. எனவே விதை உறையின் மேல் ரகப் பெயர் இருப்பதே எச்சரிக்கை அடையாளம். கருஊதா இலை கொண்ட அலங்கார ரகங்களின் படத்தைப் போட்டு விதை விற்பதும் இதே வகைதான்.

நேர்மையான விற்பனையாளர் ரகத்துக்குப் பதிலாகச் சிற்றினத்தைச் சொல்வார்: ஐரோப்பிய எல்டரான சம்பூகஸ் நைக்ராவா, அமெரிக்க எல்டரான சம்பூகஸ் கனடென்சிஸா என்று. அறுவடை ஆண்டு, குளிர்நேர்த்தி செய்யப்பட்டதா, உலர்ந்து கிடந்ததா என்பதற்கும் நேரடிப் பதில் தருவார். சம்பூகஸ் எபுலஸ் என்ற குட்டை எல்டர் நச்சுத்தன்மை மிக்கது, குளிர்காலத்தில் தரையோடு மடிந்து மீண்டும் துளிர்ப்பது. விதையை மட்டும் பார்த்து அதைப் பிரித்தறிவது எளிதல்ல என்பதால், வெறுமனே ‘எல்டர் விதை’ என்று எழுதிய உறையை வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி வாங்கி விதைத்தவர்கள், சிவந்த தண்டும் மாறி மாறி வரும் வழவழப்பான இலைகளும் தென்பட்டால், பழம் வைக்கும்வரை காத்திருக்காமல் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஆணிவேர் சதைப்பற்றோடு ஆழமாக இறங்கும், மேலே ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். பழுக்கவிட்டால் பறவைகள் விதையை அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லும், மண்ணில் விழுந்தவை பல்லாண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும்.